உழைப்பவருக்கும் ஓர் உலா

தோழர்களே!

தருமபுரியில் பொதுக்கூட்டம் முடிந்து, அங்குள்ள தோழர்கள் தந்த இட்டிலிப் பொட்டலத்தையும் மனுக் கட்டையும் ஒருங்கே சுமந்துகொண்டு சேலம் நோக்கித் திரும்பினேன். நள்ளிரவு கடந்த வேளை. தொப்பூர்க் கணவாயின் வளைவுகளிலே எங்கள் வண்டி ஊர்ந்து இறங்கிற்று. முன்னே சரக்கு லாரி, பின்னே சரக்கு லாரி, பக்கத்திலே பள்ளம்! 1790ஆம் ஆண்டில் வெள்ளையர் படை துரத்திவர, திப்புவின் படை இக்கணவாய் வழியேதான் கீழ்நாட்டில் இறங்கிற்று என்கிறது வரலாறு. அன்று பீரங்கி வண்டிகள். இன்று அரிசியும் இரும்பும் ஆரஞ்சுப் பழமும் ஏற்றிய வண்டிகள். படையெடுப்பு ஓய்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் ஓய்ந்தபாடில்லை!

மலையிறங்கி முடித்த இடத்திலே ஒரு தேநீர்க்கடை. அதன் முன்னே இரண்டு வண்டிகள் நின்றிருந்தன.

ஒன்று, விளக்கலங்காரத்துடன் கூடிய சுற்றுலாப் பேருந்து. அதன் நெற்றியிலே ஒரு துணிப்பதாகை: "வெற்றியாளர் உலா". அதிலிருந்து இறங்கிய நாற்பது இளைஞர்களும் ஒரே நிறத்துப் பனியன் அணிந்திருந்தனர். ஒரே குரலில் சிரித்தனர். தேநீர்க்கடை நாய்கூட அவர்கள் மகிழ்ச்சியைக் கண்டு வாலாட்டிற்று! மற்றொன்று, நாகபுரியிலிருந்து மதுரைக்கு ஆரஞ்சு ஏற்றிவந்த லாரி. அதன் ஓட்டுநர் கடையின் பின்புறத் தொட்டியில் நீர் மொண்டு முகத்தில் அறைந்துகொண்டிருந்தார். அறைந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முகம் கழுவுவோர் அப்படிக் கழுவுவதில்லை.

நாடகம் எழுதுபவன் நான். இக்காட்சியை மேடையில் வைத்தால், "இரு துருவத்தையும் ஒரே கடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய், செயற்கை!" என்பர் திறனாய்வாளர். தேசிய நெடுஞ்சாலைக்குத் திறனாய்வாளரிடம் அச்சமில்லை.

பனியன் இளைஞர் ஒருவரை அழைத்து வினவினேன். "மூணு மாசத்துல டார்கெட்டை முடிச்சவங்களுக்குக் கம்பெனி செலவுல மைசூர் ட்ரிப் சார்" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "முடிக்காதவர்கள்?" என்றேன். "அவங்க ஆபீஸ்ல இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஏனோ பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

லாரிக்காரர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று, அண்ணே?"

"பதினெட்டு நாளுங்க தம்பி."

"முதலாளி ஊக்கத்தொகை ஏதும் தருகிறாரா?"

"தர்றாருங்க. டீசலை மிச்சம் புடிச்சா காசு. சொன்ன நேரத்துக்கு முன்னாடி லோடு எறக்குனா அதுக்கும் காசு." சற்று நிறுத்தினார். "இந்த எறக்கத்துல நியூட்ரல்ல உட்டுட்டு வந்தா டீசல் மிஞ்சுங்க. நான் உடறதில்லை. உட்டவங்க ரெண்டு பேரை இந்தக் கையால தூக்கிப் போட்டிருக்கேன்."

தோழர்களே! தொழிலாளியை எப்படி ஊக்குவிப்பது, உலாவுக்கு எப்படி அழைத்துச் செல்வது, பரிசுப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று குளிர்சாதன அறைகளிலே கூடிக் கூடிப் பேசுகின்றனர். அந்தப் பேச்சை நாம் ஏளனம் செய்யவேண்டியதில்லை. ஆனால், அந்தப் பேச்சு தொப்பூருக்கு இறங்கி வரவேண்டும் என்று அன்றிரவு எனக்குத் தோன்றிற்று.

பயணம் ஒரு பரிசாகத் தகுமா? தகும்! நூறு முறை சொல்வேன், தகும்! பணமாகக் கொடுத்தால் வட்டிக்கடைக்காரன் வாசலிலே காத்திருப்பான். மளிகைக் கணக்கு மறித்து நிற்கும். மகளின் கல்லூரிக் கட்டணம் கையை நீட்டும். கொடுத்த தடமே தெரியாமல் அது மறையும். கடலைக் காணாத தாயைக் கன்னியாகுமரிக் கரையிலே நிறுத்திய மகனுக்கோ, அந்த ஒரு விடியல் ஆயுள் முழுவதும் பேச்சாகும். ஆண்டு முழுவதும் "ஏய்" என்று விளித்த மேலாளரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவன், மறுநாள் தொழிற்கூடத்துக்குச் சற்றே நிமிர்ந்து வருவான். அந்த நிமிர்வை நான் குறைத்து மதிப்பவனல்லன்.

உலகிலே இது பெருவழக்காகிவிட்டது. சீன நாட்டின் தியன்ஸ் குழுமம் 2015 மே திங்களில் தன் ஊழியர் 6400 பேரைப் பிரெஞ்சு நாட்டுக்கு அழைத்துச் சென்றது. பாரிசில் மட்டும் 140 விடுதிகள் தேவைப்பட்டன! நீஸ் நகரத்துக் கடற்கரையிலே அத்தனை பேரையும் எழுத்துகளாக நிறுத்தி, வானிலிருந்து படிக்கத்தக்க ஒரு வாசகமாக்கினர். நம் சென்னையிலே, காசாகிராண்ட் என்னும் கட்டுமான நிறுவனம் தன் ஊழியர் 1000 பேரை ஒரு வார காலம் ஸ்பெயின் நாட்டுக்கு அழைத்துச் செல்வதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பார்சிலோனா வீதியிலே நடப்பது கண்டு எனக்குப் பொறாமையில்லை, மகிழ்ச்சியே! என் வினா அந்த ஒரு நிறுவனத்தைக் குறித்ததும் அன்று. நாட்டு வழக்கத்தைக் குறித்தது. "ஊழியர் அனைவரும்" என்று எழுதும்போது, அந்த 'அனைவர்' என்ற சொல்லுக்குள் எவரெவர் அடங்குகின்றனர்? ஒப்பந்தக்காரர் வழியே வந்த காவலாளி அடங்குவாரா? கழிப்பறை துலக்கும் அம்மையார் அடங்குவாரா? சரக்கை ஊருக்கு ஊர் கொண்டு சேர்க்கும் ஓட்டுநர் அடங்குவாரா? சம்பளப் பட்டியலில் பெயரில்லை என்பர். வேலையில் இருக்கும் ஆளுக்குப் பட்டியலில் பெயரில்லை!

பிறரைக் கேட்பதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் நாடகமொன்று ஐம்பதாவது மேடை கண்டது. மகிழ்ச்சிப் பெருக்கிலே குழுவினரை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். நடிகர்கள், இசைக்குழுவினர், வசனம் எடுத்துக்கொடுப்பவர் எல்லோரும் வந்தனர். ஏரிக்கரையிலே படம் எடுத்துக்கொண்டோம். படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, திரை இழுப்பவர் அதில் இல்லை. காட்சிப் படுதாக்களை லாரியில் ஏற்றி ஊர் கொண்டு சேர்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் மலையேறிவிட்டோம்! ஐம்பது முறை திரையைத் தூக்கியவர் அவர். திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "அங்க குளிராமே, மெய்தானா?" என்று மட்டும் கேட்டார். சமத்துவத்தைப் பற்றி மேடையிலே மணிக்கணக்கில் பேசுபவனுக்கு அந்த ஒரு கேள்வி போதாதா?

ஆதலின், பரிசுப் பயணத்துக்குத் திட்டமிடுவோர் முதலில் எழுதவேண்டிய பெயர், பட்டியலின் கடைசிப் பெயர்.

இனி, ஒரு வரலாற்றைச் சொல்கிறேன், கவனியுங்கள். செர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டு, மே 2ஆம் நாள், தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து அவற்றைக் கைப்பற்றினர், தலைவர்களைச் சிறைப்பிடித்தனர். அதே ஆண்டு நவம்பரில், "மகிழ்ச்சியால் வலிமை" என்னும் பொருள்படும் பெயரிலே ஓர் அமைப்பைத் தோற்றுவித்துத் தொழிலாளர்க்கு மலிவுக் கட்டணத்தில் மலையுலா, கடலுலா என்று வாரி வழங்கினர். உலாவுக்கென்றே கப்பல் கட்டினர். சங்கத்தைப் பறித்தவன் கப்பலைக் கொடுத்தான்! கூலி கேட்கும் வாயைக் கட்டிவிட்டுக் கடற்காற்று வாங்கச் சொன்னான்!

எல்லைக்கு மறுபுறம், பிரெஞ்சு நாட்டிலே 1936ஆம் ஆண்டு நடந்தது வேறு. மே, சூன் திங்களில் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். லியோன் புளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுப்பைச் சட்டமாக்கிற்று. லியோ லக்ராஞ்சு என்னும் இளைய அமைச்சர், விடுப்பில் செல்லும் தொழிலாளிக்கு இரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி வாங்கித் தந்தார். அந்தக் கோடையிலே இலட்சக்கணக்கானோர் இரயிலேறினர். மிதிவண்டியிலே புறப்பட்டவர்களும் உண்டு. அவர்களுள் எத்தனையோ பேர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டனர்.

இரண்டும் பயணந்தான். ஒன்றிலே எசமானின் கை மேலே இருந்தது. மற்றொன்றிலே தொழிலாளி தன் சொந்த விடுப்பிலே, தான் விரும்பிய ஊருக்குப் போனான். நம் ஊர் நிறுவனங்கள் எவற்றையும் நான் அந்தக் கொடியவனோடு ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் அறிவுடையோர் நகைப்பர். ஆனால், உரிமையாக வரவேண்டிய விடுப்பை விழுங்கிவிட்டு, உலாவைப் பரிசாக நீட்டும் கை எந்த ஊரிலிருந்தாலும் அதை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வுரிமைக்கு வேர் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஊதிய விடுப்பு என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம், அந்த 240ஐ 180 ஆகக் குறைத்தது. (அத்தொகுப்பின் மற்றப் பகுதிகளைக் குறித்து நமக்குள்ள வழக்கு வேறு, அதை வேறொரு ஞாயிறு வைத்துக்கொள்வோம்.) ஒன்றிய அரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகை 1956இல் வந்தது. சொந்த ஊருக்கு ஒரு முறை, நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு முறை என நான்காண்டுக்கு ஒரு கணக்கு. கடைநிலை ஊழியரும் குடும்பத்தோடு இரயிலேற வழி செய்த ஏற்பாடு அது. இலக்கை முடித்தாயா என்று கேட்டு வழங்கியதன்று.

நல்ல ஏற்பாட்டிலும் நகைச்சுவைக்கு இடமுண்டு! அரசுடைமை வங்கி ஊழியர் சிலர், இந்தியாவுக்குள் பயணம் செய்யத் தந்த சலுகையை வெளிநாட்டு வழியே நீட்டிக்கொண்ட வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் சென்ற வழிகளுள் ஒன்றைக் கேளுங்கள்: டில்லியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து கொழும்பு, பிறகு கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, முடிவில் டில்லி! மதுரை மீனாட்சியைக் கண்டு திரும்ப மலாய் நாட்டைச் சுற்றிய வழி! வரிவிலக்கு இல்லை என்று 2022 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 2020 அக்டோபரில், தொற்றுநோய்க் காலத்திலே, அரசு செய்ததும் எனக்கு உவப்பில்லை: பயணம் போகாவிட்டால் போகட்டும், பயணக் கட்டணத்தின் மும்மடங்குக்குப் பொருள் வாங்கினால் வரிச்சலுகை என்றது. ஓய்வுக்கென்று வகுத்ததை ஒரு குளிர்பதனப் பெட்டியாக மாற்றிக்கொள் என்பது! அன்றைய கடையடைப்பு நெருக்கடியில் வேறு வழி தெரியவில்லை என்பர், இருக்கலாம்.

இப்போது தொப்பூர் இறக்கத்துக்கு வருவோம். ஏனெனில், ஊக்கப்பரிசு என்பதன் உட்பொருளை எந்தப் பொருளாதார நூலைக் காட்டிலும் அந்த இறக்கம் தெளிவாகச் சொல்லும். கல்லூரியை நடுவிலே விட்டவன் நான். அந்த நூல்களும் எனக்கு முழுதாகத் தெரியா.

பாரம் ஏற்றிய லாரி மலையிறங்கும்போது, தாழ்ந்த கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி அறுந்துவிடும்; பாரமத்தனையும் பிரேக்கின்மேல் விழும். மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறும். சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். வளைவு வரும்போது ஓட்டுநர் மிதிப்பார், வண்டி நிற்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் கேடு. பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தம் சேர்வதும் நின்றுவிடும். 2020 டிசம்பரில் இங்கே கட்டுக்கடங்காமல் வந்த ஒரு லாரி, வரிசையில் நின்ற வாகனங்கள்மேல் மோதிப் பல உயிர்களைக் குடித்தது. 2024 சனவரியில் மீண்டும் ஒரு கோரம். நியூட்ரலில் இறங்காதே என்று காவல்துறை பலகை வைத்து, ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறது. ஒலிபெருக்கி ஒன்றைச் சொல்கிறது. முதலாளியின் ஊக்கத்தொகை வேறொன்றைச் சொல்கிறது. பசித்தவன் காதில் எது உரக்க விழும்?

எதற்குப் பரிசோ, அதுவே கட்டளை! டீசல் மிச்சத்துக்குப் பரிசு வைத்தவன் நியூட்ரலுக்கு ஆணையிட்டவனாகிறான். தான் அறியாமலே ஆணையிடுகிறான் என்று வேண்டுமானால் தாராளமாக வைத்துக்கொள்வோம். முந்திச் சேர்வதற்குப் பரிசு வைத்தவன் தூக்கத்தைத் தடை செய்தவனாகிறான். அமெரிக்காவிலே வெல்ஸ் பார்கோ என்னும் பெரிய வங்கியின் ஊழியர், விற்பனை இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தனர். 2016இல் அந்த வங்கிக்கு 18 கோடியே 50 இலட்சம் டாலர் தண்டம் விழுந்தது. 5000க்கு மேற்பட்ட ஊழியர் வேலை இழந்தனர். அத்தனை பேரும் பிறவித் திருடர்களா? மைசூர் உலாவுக்குப் போகும் அந்தப் பனியன் இளைஞர், மூன்று திங்களில் இலக்கை எட்ட எவரிடம் என்ன சொல்லி விற்றாரோ, நானறியேன். கேட்கவும் மனம் வரவில்லை.

ஆகவே, தொழிற்சங்கத் தோழர்கள் பேச்சுவார்த்தை மேசையிலே அமரும்போது கூலியோடும் போனசோடும் இதையும் கேளுங்கள். எதற்குப் பரிசு? விபத்தின்றி ஓட்டிய நாளுக்கா, விரைந்து ஓட்டிய நாளுக்கா? யாருக்குப் பரிசு? நாற்பதில் ஒருவருக்கா, உழைத்த பிரிவு முழுமைக்குமா? எப்போது பயணம்? ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் பொங்கல் விடுப்பையும் தின்றுவிட்டா, வேலை நாளிலா? குடும்பம் உடன் வரலாமா? வரலாகாது எனில், அது மனைவிக்கும் பிள்ளைக்கும் இன்னும் மூன்று நாள் பிரிவேயன்றிப் பரிசு எப்படியாகும்? கைக்குழந்தையை வைத்திருக்கும் பெண்ணும், படுக்கையில் கிடக்கும் தந்தையைக் காக்கும் மகனும் போக முடியாதே, அவர்களுக்கு அதே மதிப்புள்ள வேறொன்று உண்டா? ஊரைத் தேர்ந்தெடுப்பது மேலாளரா, போகிறவர்களா? உலாவென்று அழைத்துப் போய் விடுதி மண்டபத்தில் அமர்த்தி அடுத்த ஆண்டு இலக்கைத் திரையில் காட்டுவதும் நடக்கிறது. அதற்குப் பெயர் அலுவலகம், மலைமேல் அமைந்த அலுவலகம்!

இன்னொன்று: இரவுப் பயணம் வேண்டாம். ஒரு நாள் விடுதி வாடகையை மிச்சம் பிடிக்க, நாற்பது உயிரை நள்ளிரவில் மலைப்பாதையிலே ஏற்றி அனுப்புகின்றனர். அந்த வண்டியை ஓட்டுபவன் யார்? 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டிற்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டலாகாது, அரைமணி ஓய்வு வேண்டும் என்றது. ஆனால், ஐந்து பேரேனும் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்தவன் வரம்புக்கு வெளியே நின்றான். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் அப்படி நின்றவர் எத்தனை பேர் என்பதை அந்த வட்டாரத் தோழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

உலா செல்வோர் விடுதியில் உறங்குவர். அழைத்து வந்த ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே கொசுவோடு உறங்குவார். இந்தக் கொடுமையைக் கண்டுதான், தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் ஓட்டுநர்க்குப் படுக்கையும் கழிப்பிடமும் கொண்ட ஓய்வறை அமைக்கவேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. ஏற்காட்டிலும் ஒகேனக்கல்லிலும் உதகையிலும் உள்ள நம் தோழர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, எந்தெந்த விடுதியில் அந்த அறை இருக்கிறது, எங்கே அது பழைய நாற்காலி அடுக்கும் கிடங்காக இருக்கிறது என்று பார்த்துவர வேண்டுகிறேன். அப்படியே, மாநாட்டுக்கு நாம் அமர்த்தும் வேன்களையும் பாருங்கள். பந்தலிலே நமக்குப் பிரியாணி. திடலுக்கு வெளியே வெயிலில் வண்டியைக் காக்கும் ஓட்டுநருக்கு? திரும்பும் வழியிலே, "ஓட்டுப்பா, விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்" என்று முதுகில் தட்டுவது நாமல்லவா? கொடி கட்டிய வண்டிக்கும் பிரேக் ஒன்றுதான்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. லாரிக்காரர் எழுந்து தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டார். "மதுரையில எறக்கிட்டு ஊட்டுக்குப் போகலாம்னு இருக்கேன் தம்பி, வேற லோடு சொல்லாம இருந்தா" என்றார். தேநீருக்குக் காசு கொடுக்க விடவில்லை, அவரே கொடுத்தார்.

சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநர் அதுவரை கீழே இறங்கவேயில்லை. ஸ்டியரிங்கின்மேல் தலைசாய்த்துக் கிடந்தார். உலாவுக்குப் பொறுப்பேற்று வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினார். சற்றுமுன் என்னோடு பேசிய அந்தப் பனியன் இளைஞர் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"வேணாம் சார். நல்லாத் தூங்கட்டும். மைசூர் எங்கேயும் ஓடிப்போயிடாது."

மற்றவர்களும் மறுபடி பெஞ்சில் அமர்ந்தனர். கடைக்காரர் இன்னொரு பாத்திரம் பாலை அடுப்பில் வைத்தார்.